விளையாட்டால் வசப்பட்ட யந்திரம்

கணிப்பொறியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் யுத்தத்தையும் வியாபாரத்தையும் கொண்டே அதன் அத்தியாயங்களை வகுத்திருக்கிறார்கள். பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணிப்பதற்கென்று பென்சில்வேனியா சர்வகலாசாலையில் உருவாகி 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக், அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு இலாகா 1951-இல் பெற்றுக்கொண்ட யூனிவாக், பெரிய கம்பெனிகளின் சம்பளப் பட்டியலையும் வரவுசெலவுக் கணக்கையும் ஏற்றுக்கொண்ட ஐ.பி.எம். யந்திரங்கள் என்று அந்தச் சரித்திரம் ஒழுங்காகவே நடக்கிறது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் யந்திரம் என்னென்ன வேலை செய்தது என்பதைத்தான் அது சொல்லுகிறது. அதன் எதிரே மனிதன் அச்சமின்றி உட்கார்ந்து, உள்ளே ஓடும் கட்டளைகளைத் தன்னுடையவையாகவே பாவித்து, அவற்றை மாற்றியும் திருத்தியும் பார்க்கும் உரிமையை எவ்வாறு பெற்றான் என்பதை அது விவரிப்பதில்லை. அந்த உரிமையை மனிதனுக்குப் பெற்றுத்தந்தது விளையாட்டு. மென்பொருளோடு நமக்கு இன்று இருக்கும் நெருக்கத்தின் பூர்வ கதை அதுவே. நிதானமாகச் சொல்லத் தக்க கதை.

கணிப்பொறியில் விளையாடுவது, ஏறக்குறைய கணிப்பொறியின் வயதே உடைய வழக்கம். 1951-இல் நடந்த பிரிட்டன் திருவிழாவின்போது பெரான்டி கம்பெனியார் லண்டனில் நிம்ராட் என்னும் யந்திரத்தை நிறுவி, குவியல்களிலிருந்து மாறி மாறிப் பொருள்களை எடுக்கும் நிம் என்ற பழைய ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களோடு ஆட வைத்தார்கள். 1952-இல் மான்செஸ்டர் யந்திரத்தில் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி டிராஃப்ட்ஸ் ஆட்டத்தை ஆடும் நிரலை ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜில் ஏ. எஸ். டக்ளஸ், மனிதனும் யந்திரமும் ஒன்றோடொன்று பழகும் முறையைப் பற்றிய தம் ஆராய்ச்சிக்கு உதாரணமாக, எட்சாக் யந்திரத்தின் சிறு திரையில் வட்டமும் பெருக்கல் குறியும் இட்டு ஆடும் ஆட்டத்தை, டெலிபோனில் உள்ளது போன்ற எண்வட்டைச் சுழற்றி ஆடும்படி அமைத்தார். 1958 அக்டோபரில் நியூயார்க் மாகாணத்து புரூக்ஹேவன் ஆராய்ச்சிச் சாலையைப் பார்வையிட வரும் பொதுஜனங்களுக்குச் சலிப்புத் தட்டக் கூடாதென்று வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிகர் ஆஸிலாஸ்கோப் திரையில் டென்னிஸ் பந்தைத் துள்ள விட்டபோது, அதை ஆடிப் பார்க்க ஜனங்கள் நெடுவரிசையில் நின்றார்கள்.

இவை யாவும் மேதைமை மிக்க முயற்சிகள்தாம். எனினும் இவற்றில் ஒரு பொதுவான குறை உண்டு. வந்தவர் ஆடினார், வியந்தார், வீடு திரும்பினார். விதியை வகுத்தவர் ஒருவர், ஆடியவர் வேறொருவர். பொருட்காட்சி முடிந்ததும் யந்திரம் தன் பழைய உத்தியோகத்துக்குப் போயிற்று, அல்லது பிரித்து வைக்கப்பட்டது. ஆடுகிறவனே விதியைத் திறந்து பார்த்து, அது தனக்குப் பிடிக்காவிட்டால் அன்றிரவே அதைத் திருத்தி எழுதி, மறுநாள் தன் சிநேகிதனை அந்தப் புதிய விதிப்படி ஆட அழைக்கும் வழக்கம் வேறோர் இடத்தில், வேறோர் இளைஞர் கூட்டத்தின் நடுவே பிறந்தது.

அந்த இடம் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள எம்.ஐ.டி. என்னும் தொழில் நுட்ப சர்வகலாசாலை. அங்கே 1950-களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். 704 என்ற மிகப் பெரிய யந்திரம் இருந்தது. குளிர்சாதன அறையில் இருந்த அதனிடம் மாணாக்கன் நேராகச் செல்ல இயலாது. தன் கணக்கை அட்டைகளில் துளையிட்டு, அந்த அட்டைக் கட்டை உத்தியோகஸ்தரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ விடை அச்சாகி வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் அந்தத் தவற்றின் அறிவிப்பே விடையாக வந்து சேரும். கர்ப்பக்கிருகத்துக்குள் அர்ச்சகர் மட்டும் போய்வர, பக்தன் அர்த்தமண்டபத்துக்கு வெளியிலேயே நின்று தட்டை நீட்டி வாங்குவதைப் போன்ற ஏற்பாடு அது. யந்திரத்தின் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் இந்த ஏற்பாட்டை அநியாயம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் விளைவாக, யந்திரத்துக்கும் அதற்குக் கட்டளை எழுதியவனுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பி நின்றது.

அந்தச் சுவரைத் தாண்டியவர்கள், பொம்மை ரயில் விடும் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள். யுத்த காலத்தில், 1943-இல், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாக எழுப்பப்பட்ட மரக் கட்டடம் ஒன்று, 20-ஆம் எண் கட்டடம் என்ற பெயரோடு அந்தச் சர்வகலாசாலையில் நெடுங்காலம் நின்றது. அதில் ஓர் அறையில் 1946-இல் தோன்றிய அந்த மாதிரி ரயில் சங்கம் குடியிருந்தது. சங்கத்தாரில் ஒரு சாரார் ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசுவதிலும் குன்றுகளையும் சிற்றூர்களையும் அமைப்பதிலும் ஈடுபட்டிருக்க, மற்றொரு சாரார் மேடைக்குக் கீழே புகுந்து, டெலிபோன் நிலையங்களிலிருந்து கழிக்கப்பட்ட ரிலேக்களையும் ஸ்விட்சுகளையும் கொண்டு எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் எப்போது செல்ல வேண்டும் என்பதை ஆளும் சிக்கலான மின்சார அமைப்பை இரவு பகலாக வளர்த்துவந்தார்கள். ஓர் அமைப்பின் உள்ளே கையை விட்டு, அதைப் பிரித்து, முன்னிலும் நேர்த்தியாகச் சேர்ப்பதே ஆனந்தம் என்ற மனோபாவம் அந்த மேடையின் கீழேதான் அவர்களுக்கு உறுதிப்பட்டது.

1958-இல் லிங்கன் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து டி.எக்ஸ்-0 என்ற யந்திரம் அந்த வளாகத்துக்கு இரவலாக வந்து சேர்ந்தது. அது டிரான்சிஸ்டர்களால் ஆனது. அதற்குத் திரை உண்டு, தட்டச்சுப் பலகை உண்டு, திரையைத் தொட்டுக் குறிகாட்டும் ஒளிப்பேனாவும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரத்தைப் பதிவு செய்துகொண்டால் எவரும் அதன் எதிரே தாமே உட்காரலாம். சங்கத்தின் பழைய அங்கத்தினரான ஜாக் டென்னிஸ் இந்த இளைஞர்களை அதற்கு அறிமுகம் செய்து வைத்தார். பகலில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்துவிடுவதால் இவர்கள் நள்ளிரவைத் தேர்ந்தார்கள். பதிவு செய்தவர் வராமற்போனால் அந்த நேரத்தைக் கைப்பற்றிக்கொள்ள அங்கேயே காத்துக் கிடந்தார்கள். பீட்டர் சாம்ஸன் அந்த யந்திரத்தின் ஒற்றை ஒலிபெருக்கியில் பாக்கின் சங்கீதத்தை ஒலிக்கச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையில் சுவர்களை வரைந்து பாலாடைக்கட்டியை ஓரிடத்தில் வைத்தால், ஒரு சுண்டெலி வழி தேடிச் சென்று அதைத் தின்னும் நிரல் ஒன்றும் இருந்தது. கேள்வி கேட்டவுடன் பதில் சொல்லும் யந்திரத்தை அவர்கள் முதன்முதலாகச் சந்தித்தது இங்கேதான். அந்த ருசி கண்டவர்கள் பிறகு அட்டைக் கட்டை நீட்டிக் காத்திருக்க உடன்படவில்லை.

1961 செப்டம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற புதிய கம்பெனி, தான் செய்த பி.டி.பி-1 என்ற கணிப்பொறியை எம்.ஐ.டி.க்கு நன்கொடையாக அளித்தது. விலை 1,20,000 டாலர். அக்கால யந்திரங்களின் விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு. 18 பிட் நீளமுள்ள 4,096 சொற்களே அதன் நினைவகத்தில் அடங்கும். விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கூட்டல்களைச் செய்யும். நீளத்திலும் அகலத்திலும் 1,024 புள்ளிகள் இடத்தக்க வட்டத் திரை ஒன்றும் உண்டு. இன்று ஒரு சிறு கைக்கடிகாரத்தில் இருக்கும் நினைவகத்தைக் கண்டால் அந்த எண்கள் அற்பமாகத் தோன்றலாம்; ஆனால் யந்திரம் வந்து இறங்குமுன்பே அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று இரவெல்லாம் விவாதித்த இளைஞர்களுக்கு அது ஒரு சாம்ராஜ்யமாக இருந்தது.

அவர்களுள் மூவர் ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரேட்ஸ், வேய்ன் வீட்டானென். கேம்பிரிட்ஜில் ஹிங்கம் வீதியில் குடியிருந்த இவர்கள், ஈ. ஈ. ஸ்மித் எழுதிய விண்வெளி சாகஸ நாவல்களில் மோகம் கொண்டவர்கள். ஒரு புதிய கணிப்பொறியின் ஆற்றலைக் காட்டும் நிரல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கணத்தைக் கிரேட்ஸ் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். யந்திரத்தின் சக்திகள் அனைத்தையும் அது எல்லை வரை சோதிக்க வேண்டும்; ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதியதாக இருந்து சுவை குன்றாமல் நிற்க வேண்டும்; பார்ப்பவரை வெறும் பார்வையாளராக வைத்திராமல் இன்பத்தோடு செயலில் இறக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்று சேர்த்தால் கிடைப்பது விளையாட்டுத்தான் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். இதில் கவனிக்கத் தக்கது, அவர்கள் விளையாட்டை ஓய்வு நேரப் பொழுதுபோக்காகக் கருதித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே. யந்திரத்தின் உண்மையான இயல்பை வெளிக்கொணரும் மிகக் கடுமையான பரீக்ஷை என்றே அதைக் கருதினார்கள்.

நிரலை எழுதும் பொறுப்பு ரஸ்ஸலிடம் வந்தது. ஜான் மக்கார்த்தியின் செயற்கை அறிவு ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றி, லிஸ்ப் மொழியை முதன்முதலில் யந்திரத்தில் ஓடச் செய்த அவர், திறமையில் எவ்வளவு சிறந்தவரோ தள்ளிப்போடுவதிலும் அவ்வளவு சிறந்தவர். ஆட்டத்தில் வரும் விண்கப்பல்கள் திசை திரும்புவதற்கு வேண்டிய திரிகோணமிதிக் கணக்கு நிரல்கள் இல்லையே என்று அவர் காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆலன் கோடாக் என்ற நண்பர் மேனார்ட் ஊரிலுள்ள கம்பெனிக்கே போய், அந்த நிரல் அடங்கிய துளையிட்ட காகித நாடாவை வாங்கி வந்து அவர் முன் வைத்தார். இனிச் சொல்லக் காரணம் இல்லாத நிலையில் ரஸ்ஸல் வேலையைத் தொடங்கினார். 1962 ஜனவரியில் ஸ்விட்சுகளுக்குக் கட்டுப்பட்டு வேகத்தையும் திசையையும் மாற்றிக்கொள்ளும் ஓர் ஒளிப் புள்ளி திரையில் நகர்ந்தது. அடுத்த மாதமே இரண்டு விண்கப்பல்கள் ஒன்றையொன்று டார்ப்பீடோக்களால் தாக்கிக்கொண்டன. ஸ்பேஸ்வார் பிறந்தது.

அது பிறந்த விதத்தைக் காட்டிலும் வளர்ந்த விதமே நமக்கு முக்கியமானது. ரஸ்ஸல் தூவியிருந்த நட்சத்திரங்கள் மனம்போனபடி இட்ட புள்ளிகளே. அது உண்மையான ஆகாயத்துக்கு அடுக்காத அலங்கோலம் என்று கருதிய பீட்டர் சாம்ஸன், வானவியல் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வான நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22½ பாகைக்குள் ஐந்தாம் தரப் பிரகாசம் வரையுள்ள நட்சத்திரங்களை அவற்றின் இடத்திலும், ஒளியின் ஏற்றத்தாழ்விலும் பிசகாமல் எழுதிச் சேர்த்தார். வெறும் சுடுவதில் சாமர்த்தியத்துக்கு இடமில்லை என்று கண்ட டான் எட்வர்ட்ஸ், திரையின் நடுவே ஒரு சூரியனை நிறுத்தி அதன் ஈர்ப்பு இரு கப்பல்களையும் இழுக்கும்படி செய்தார். அந்தக் கணக்குக்கு வேண்டிய நேரம் யந்திரத்திடம் மிஞ்சாதிருக்கவே, கப்பலின் உருவத்தை வரையும் பகுதியை முற்றிலும் வேறு முறையில் எழுதி அந்த நேரத்தை மிச்சப்படுத்தினார். டார்ப்பீடோக்களையும் ஈர்ப்புக்கு உட்படுத்த நேரம் போதவில்லை. ஆகவே அவை எடையற்ற ஒளியால் ஆனவை என்று ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டார்கள். ஆபத்தில் சிக்கியவன் ஒரு கணம் மறைந்து திரையில் எங்கேனும் ஓரிடத்தில் மீண்டும் தோன்றும் வழியைக் கிரேட்ஸ் அமைத்தார். அதை அடிக்கடி நாடுகிறவன் வெளிப்படும்போதே வெடித்து அழியும் அபாயத்தையும் அத்துடன் சேர்த்து வைத்தார்.

யந்திரத்தின் முகப்பிலிருந்த ஸ்விட்சுகளையே இழுத்து இழுத்து முழங்கை வலித்ததோடு, ஒரு பக்கம் நிற்பவருக்குத் திரை அதிக வசதியாகத் தெரிந்ததால் ஆட்டம் நேர்மையாகவும் இல்லை. கோடாக்கும் பாப் ஸாண்டர்ஸும் ரயில் சங்கத்து அறைக்குச் சென்று, அங்கே கிடைத்த மரத்தையும் ஸ்விட்சுகளையும் கொண்டு, கையில் வைத்துக்கொண்டு ஆடத்தக்க இரண்டு சிறு பெட்டிகளைச் செய்து வந்தார்கள். அந்தப் பெட்டிகளை இன்று கோடிக்கணக்கான குழந்தைகள் கையில் பிடித்திருக்கும் ஆட்டக் கருவிகளின் மூதாதை என்று சொல்லலாம். நிஜ ஆயுதங்கள் குறி தவறுவதுண்டு என்ற எண்ணத்தால் ரஸ்ஸல் ஒரு சமயம் டார்ப்பீடோக்களின் பாதையில் சிறு நிச்சயமின்மையைப் புகுத்தினார். ஆடியவர்கள் ஒருமுகமாக அதை வெறுக்கவே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மென்பொருளை எழுதியவனும் அதை உபயோகிப்பவனும் ஒரே அறையில், ஒரே யந்திரத்தின் முன்னே நின்று, உபயோகிப்பவனின் அதிருப்தி எழுதியவனின் பேனாவை உடனே திருப்பிய சந்தர்ப்பம் அது. 1962 மே மாதம் சர்வகலாசாலை பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாளில் ஆட்டம் வெளியாருக்குக் காட்டப்பட்டபோது, அது எவரோ ஒருவருடைய படைப்பு என்று சொல்ல இயலாதபடி பலருடைய கைபட்டு மெருகேறியிருந்தது.

அந்த நிரல் துளையிடப்பட்ட காகித நாடா பூட்டி வைக்கப்படவில்லை; எவரும் எடுக்கலாம், ஓட்டலாம், திருத்தலாம். அதற்கு விலை வைக்க ஒருவரும் எண்ணவில்லை. கம்பெனிப் பொறியியலாளர்கள் புதிய பி.டி.பி-1 யந்திரங்களை வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் அவற்றின் எல்லா உறுப்புகளும் பழுதின்றி இயங்குகின்றனவா என்பதைச் சோதிக்க ஸ்பேஸ்வாரையே ஓட்டினார்கள். யந்திரத்தின் சக்திகள் அனைத்தையும் எல்லை வரை சோதிக்க வேண்டும் என்று ஹிங்கம் வீதியில் வகுத்த இலக்கணம் இவ்வாறு தொழிற்சாலையிலேயே நிரூபணமாயிற்று. மொத்தத்தில் ஐம்பது சொச்சம் பி.டி.பி-1 யந்திரங்களே செய்யப்பட்டன. ஆயினும் அந்த ஆட்டம் யந்திரம் சென்ற இடமெல்லாம் சென்று, பிறகு வேறு யந்திரங்களுக்கும் எழுதப்பட்டு, சர்வகலாசாலை தோறும் பரவியது. 1972 அக்டோபரில் ஸ்டான்போர்டு செயற்கை அறிவு ஆராய்ச்சிச் சாலையில் நடந்த ஸ்பேஸ்வார் பந்தயத்தை நேரில் கண்ட ஸ்டூவர்ட் பிராண்டு, ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரையில், கணிப்பொறி ஜனங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று பிரகடனம் செய்தார். சாதாரண மனிதன் வீட்டில் ஒரு கணிப்பொறி இருக்கும் என்று பெரும்பாலோர் கனவிலும் கருதாத காலத்தில், விளையாடும் இளைஞர்களின் முகத்தைப் பார்த்தே அவர் அதை உணர்ந்துகொண்டது குறிப்பிடத் தக்கது.

விளையாட்டு விளையாட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இன்னும் வலிய சாட்சி ஒன்று உண்டு. நியூஜெர்ஸி மாகாணத்து பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ஸன் 1969-இல் விண்வெளிப் பயணம் என்ற பொருள்படும் ஓர் ஆட்டத்தை எழுதினார். சூரிய மண்டலத்துக் கிரகங்களுக்கு நடுவே கப்பலைச் செலுத்தி, அவற்றில் ஏதேனும் ஒன்றில் இறக்குவதே ஆட்டம். அங்கிருந்த பெரிய ஜெனரல் எலெக்ட்ரிக் யந்திரத்தில் அதை ஒருமுறை ஆட ஏறத்தாழ 75 டாலர் கணிப்புச் செலவாயிற்று. ஆட்டமும் திருப்தியாக ஓடவில்லை. ஆகவே அவர் அதிகம் உபயோகப்படாமல் இருந்த ஒரு சிறிய பி.டி.பி-7 யந்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, டென்னிஸ் ரிட்சியின் துணையோடு ஆட்டத்தை அதற்கு மாற்றி எழுதினார். அதற்காகத் தசமக் கணக்குகளைச் செய்யும் பகுதியையும், திரையில் எழுத்துகளை வரையும் பகுதியையும், பிழை காணும் பகுதியையும் முதலிலிருந்து எழுத நேர்ந்தது. இவ்வாறு அந்த யந்திரத்தின் நுட்பங்கள் கைவசமான பிறகு, முன்பே மனத்தில் உருவாகியிருந்த கோப்பு அமைப்பையும் அதில் ஏற்றினார், அதைச் சுற்றி மற்ற உறுப்புகள் வளர்ந்தன, யூனிக்ஸ் என்ற இயங்குதளம் உருவாயிற்று. இன்று உலகின் பெரும்பாலான செர்வர்களும் கைப்பேசிகளும் யூனிக்ஸின் வம்சத்தையோ அதன் முன்மாதிரியையோ சார்ந்து இயங்குகின்றன. ரிட்சியே இந்த வரலாற்றைத் தம் கட்டுரையில் எழுதி வைத்திருக்கிறார்.

1971-ஆம் ஆண்டில் இந்த வழக்கம் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. அவ்வாண்டு ஸ்டான்போர்டு மாணவர் மன்றத்தில் பில் பிட்ஸும் ஹியூ டக்கும் ஸ்பேஸ்வாரைக் காசு போட்டு ஆடும் யந்திரமாக்கி வைத்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு 10 சென்ட். அதே ஆண்டில் நோலன் புஷ்னலும் டெட் டாப்னியும் அதே ஆட்டத்தைத் தழுவி கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்ற பெட்டியைச் செய்தார்கள்; அடுத்த ஆண்டில் அவர்களுடைய அட்டாரி கம்பெனியிலிருந்து பாங் என்ற ஆட்டம் வந்தது. இவை பெருந்திரளான ஜனங்களுக்கு மின்னணு ஆட்டத்தை அறிமுகம் செய்வித்தன என்ற நன்றி நமக்கு உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் ஸ்பேஸிலும் பாங்கிலும் மென்பொருளே கிடையாது. விதி முழுவதும் மின்சுற்றுகளில் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஆடுகிறவன் காசைப் போட்டு நேரத்தை வாங்கலாம். விதியைத் தொட முடியாது. எம்.ஐ.டி. இளைஞர்கள் ஒன்றாகவே அனுபவித்த இரண்டு இன்பங்களில், ஆடும் இன்பம் வெளியே வந்தது. ஆக்கும் இன்பம் பெட்டிக்குள்ளே தங்கிவிட்டது.

ஆக்கும் இன்பம் வேறு வழியில் ஜனங்களிடம் சென்றது. நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்து டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும், விஞ்ஞானம் பயிலாத மாணாக்கரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்ற உறுதியோடு, 1964 மே முதல் தேதி விடியற்காலையில் பேஸிக் மொழியை இயங்கச் செய்தார்கள். மாணவர்கள் அதில் ஆட்டங்களை எழுதிக் குவித்ததை அவர்கள் தடை செய்யவில்லை. யந்திரத்தைப் பற்றிய பயம் தெளிவதற்கு அதுவே நல்ல மருந்து என்று கருதினார்கள். கெமனியே ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை எழுதினார். 1969-இல் சந்திரனில் மனிதன் இறங்கிய சில மாதங்களுக்குள் ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர், எரிபொருள் தீருமுன் கப்பலை மெதுவாகச் சந்திரனில் இறக்கும் ஆட்டத்தைத் தம் பள்ளியிலிருந்த யந்திரத்துக்காக எழுதினார். இத்தகைய ஆட்டங்களைத் திரட்டி டேவிட் ஆல் 1973-இல் வெளியிட்ட தொகுதியும் அதன் பிற்காலப் பதிப்புகளும் லட்சக்கணக்கான கைகளை அடைந்தன. அந்த நூலில் ஆட்டம் அச்சிடப்பட்ட கட்டளை வரிகளாக இருந்தது. வாசகன் ஒவ்வொரு வரியையும் தானே தட்டச்சு செய்ய வேண்டும். தட்டும்போதே சில வரிகளின் பொருள் புலப்படும். எரிபொருளின் அளவைக் குறிக்கும் எண் எது என்று கண்டுகொண்டவன் அதை இரட்டிப்பாக்கிப் பார்ப்பான். பிறகு சந்திரனின் ஈர்ப்பையே மாற்றிப் பார்ப்பான். 1980-களில் வீட்டுக் கணிப்பொறிகள் வந்தபோது ஒரு தலைமுறைச் சிறுவர் சிறுமியர் மென்பொருளைக் கற்றது இந்த வழியில்தான்.

இதே காலத்தில் சிறு குழந்தைகளைக் கருதியும் சிலர் உழைத்தார்கள். 1967-இல் வாலி ஃபர்சைக், ஸீமோர் பேப்பர்ட், ஸிந்தியா ஸாலமன் ஆகியோர் லோகோ மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதன் கட்டளைப்படி தரையிலும் திரையிலும் ஊர்ந்து கோடு வரையும் ஆமையும் சேர்ந்தது. குழந்தை தன் உடம்பையே ஆமையாகப் பாவித்து நடந்து பார்த்து வடிவகணிதத்தைக் கண்டுபிடிக்கும்; தவறாக வரைந்த படம் தண்டனைக்குரிய குற்றமாகாமல், அடுத்து என்ன மாற்றலாம் என்ற கேள்வியாகும். விளையாட்டின் பெருங்கொடை இதுவென்றே நான் நினைக்கிறேன்: தோல்வியின் கசப்பை நீக்கி, அதை அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பாக்குவது. மென்பொருள் எழுதும் தொழிலில் பெரும்பொழுது பிழையோடு கழிகிறது. அந்தப் பிழையோடு விளையாடப் பழகாதவன் அத்தொழிலில் நிலைப்பது அரிது.

1990-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் விண்டோஸ் 3.0-உடன் ஸாலிடேர் என்ற சீட்டாட்டம் ஒவ்வொரு யந்திரத்திலும் வந்து சேர்ந்தது. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செர்ரி என்ற இளைஞர் எழுதிய அந்த ஆட்டத்தின் சீட்டுகளை ஸூஸன் கேர் வரைந்தார். ஒரு சீட்டைப் பிடித்து, விடாமல் இழுத்து, மற்றொன்றின் மேல் வைப்பதில் கை பழகியவர்களுக்கு மவுஸ் என்ற கருவி பயமற்றதாயிற்று. தட்டச்சு யந்திரத்தோடு உத்தியோக வாழ்வைக் கழித்து, வயது முதிர்ந்தபின் மேஜைமேல் கணிப்பொறி வந்து இறங்கக் கண்ட நம் நாட்டு அலுவலர்கள் பலரும் அதனோடு சிநேகம் கொண்டது இந்தச் சீட்டுக்கட்டின் வாயிலாகவே. ஆட்டம் அச்சத்தைப் போக்கியது. ஆனால் இங்கும் விதி மூடிய பெட்டிக்குள் இருந்தது.

இன்று நம் கைப்பேசியிலுள்ள மென்பொருளில் விளையாட்டின் சாயல் இல்லாதது சொற்பம். பாஷை கற்பிப்பதும், நடையை எண்ணுவதும், கடையில் பொருள் விற்பதும் புள்ளிகளையும் பதக்கங்களையும் தொடர் நாள் கணக்கையும் நம் முன் நீட்டுகின்றன. நாம் எப்போது சோர்வோம், எந்தப் பரிசுக்கு மீண்டும் திரும்புவோம் என்று கணக்கிட்டு அமைத்த விதிகள் அவை. அவற்றை வகுத்தவரை நாம் காண்பதில்லை. அவை பிடிக்காவிட்டால் டார்ப்பீடோவின் குறியைத் திருத்தச் சொல்லிக் கேட்டது போல் கேட்க நமக்கு ஓர் அறையும் இல்லை. இவற்றால் பயன் பெறுவோர் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் சரித்திரத்தைக் கொண்டு பார்க்கும்போது, ஸ்பேஸ்வார் ஆடிய இளைஞனின் நிலைக்கும் இன்றைய ஆட்டக்காரனின் நிலைக்கும் உள்ள பேதம் மிகப் பெரிது. அவன் யந்திரத்தைக் கொண்டு விளையாடினான். நம்மில் பலரைக் கொண்டு யந்திரம் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளுகிறது.

பழைய வழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. அதே எம்.ஐ.டி. வளாகத்திலிருந்து 2007-இல் வெளிவந்த ஸ்கிராட்ச் என்ற குழந்தைகளுக்கான நிரல்மொழியில், ஒரு குழந்தை செய்து பகிர்ந்த ஆட்டத்தை வேறெந்தக் குழந்தையும் திறந்து, உள்ளே இருக்கும் கட்டளைகளைப் பார்த்து, தன் விருப்பப்படி மாற்றித் தன் ஆட்டமாக வெளியிடலாம். முதலில் செய்தவரின் பெயரும் அதில் விளங்கும். காகித நாடாவை எடுத்துத் திருத்திய தர்மமே அங்கே இன்னும் நடக்கிறது. ஆகவே ஒரு பள்ளியில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்க எண்ணுகிறவர்களும், தம் குழந்தைக்கு யந்திரம் வாங்கித்தரும் பெற்றோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் ஆட்டம் இருக்கலாமா கூடாதா என்பதன்று. அந்த ஆட்டத்தின் விதியைக் குழந்தை திறந்து பார்த்து மாற்ற முடியுமா என்பதே. முடியுமானால் விளையாடட்டும் என்று மனமார விட்டுவிடலாம். அந்த விளையாட்டே வித்தையாகும். முடியாதென்றால், அதில் எவ்வளவு பாடங்கள் அடைத்து வைத்திருந்தாலும், குழந்தை மென்பொருளின் வாசலில் நிற்கிறதே அன்றி உள்ளே போகவில்லை என்று அறிய வேண்டும்.